ஊசி என்னும் ஆகுபெயர்: கார்ட்டிசோன் வரலாறு சொல்லும் பாடம்

இடுக்கி மாவட்டத்து ஏலமலைப் பகுதியில் உள்ள சக்குபள்ளத்தில் ஒரு மருந்துச் சீட்டைச் சுற்றி மூன்று மொழிகள் இயங்குகின்றன. சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில் தரப்படுகிறது. அதைக் கேட்டுக்கொள்ளும் தோட்டத் தொழிலாளர்களுள் தமிழ் பேசுவோர் பலர். ஏலக்காய்ச் சரங்கள் செடியின் தூரில், தரையை ஒட்டி விளைபவை. ஆகவே காய் பறிப்போர் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியுமே வேலை செய்ய வேண்டும். மூட்டுவலியும் இடுப்புவலியும் அத்தொழிலோடு ஒட்டியவை. வலிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று வினவினால் மலையின் இருபுறத்துத் தமிழிலும் எளிதாக வரும் விடை ஒற்றைச் சொல்தான்: ‘ஊசி’.

இலக்கண நோக்கில் இது கருவியாகுபெயர். ‘யாழ் கேட்டான்’ என்னும்போது யாழ் என்பது இசைக்கு ஆகி வருவதுபோல, ‘ஊசி போட்டார்கள்’ என்னும்போது ஊசி என்பது மருந்துக்கு ஆகி வருகிறது. மலையாளத்தின் ‘குத்திவைப்பு’ செயலைக் குறிக்கிறது. இரண்டிலும் மருந்தின் பெயர் மறைந்துவிடுகிறது. தடுப்பூசி போன்றவற்றில் இம்மறைவு பெரும் தீங்கு விளைவிப்பதில்லை. கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசிகளின் நிலை வேறு. அவற்றின் நன்மை சில மணிநேரத்திலோ சில நாட்களிலோ வெளிப்படுகிறது. தீமையோ பல வாரங்கள் கழித்து, உடலின் வேறோர் உறுப்பில், வேறொரு மருத்துவரின் முன்னிலையில் வெளிப்படலாம். அப்போது இரண்டையும் இணைக்கக்கூடிய ஒரே கண்ணி மருந்தின் பெயர். அம்மருந்தின் எழுபத்தைந்தாண்டு வரலாறு இதை மீண்டும் மீண்டும் மெய்ப்பித்திருக்கிறது.

வரலாறு தொடங்குவதே ஒரு பெயர்க் குழப்பத்தில்தான். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்டு கெண்டல் அட்ரினல் சுரப்பியின் புறணிப் பகுதியிலிருந்து பல சேர்மங்களைப் பிரித்தெடுத்து, அவற்றை எழுத்துகளால் குறித்து வந்தார். அவற்றுள் ஒன்றான ‘சேர்மம் ஈ’ 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குத் தசைவழி ஊசியாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களிலேயே அவர் எழுந்து நடமாடினார். சிகிச்சையை முன்னின்று நடத்திய பிலிப் ஹென்ச்சும் கெண்டலும், இச்சேர்மத்தை வைட்டமின் ஈ என மக்கள் மயங்கக்கூடும் என்று கருதி, அதற்குக் ‘கார்ட்டிசோன்’ என்று பெயரிட்டனர். மரப்பட்டையைக் குறிக்கும் ‘கார்டெக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். தமிழ்ப் பாடநூல்கள் அச்சொல்லுக்கு ஆளும் ‘புறணி’ என்பதற்கும் மரப்பட்டை என்னும் பொருள் உண்டு. 1950இல் கெண்டல், ஹென்ச், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பரிசு கிடைத்த காலத்திலேயே மருந்தின் மறுபக்கமும் புலப்படத் தொடங்கியிருந்தது. ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பியது. தொடர்ந்து பெற்றோருக்கு முகம் உப்பியது, மனநிலை பிறழ்ந்தது, எலும்பு நலிந்தது. இம்மருந்து நோயின் அழற்சியை அடக்குகிறதேயன்றி நோயை வேரறுக்கவில்லை என்பதை ஹென்ச் குழுவினரே எடுத்துரைத்தனர்.

இவற்றினும் கொடியதொரு விளைவு கண்ணுக்குப் புலப்படாதது. உடலில் கார்ட்டிசோல் போதிய அளவு உள்ளதா என்பதை மூளையும் பிட்யூட்டரி சுரப்பியும் இடையறாது அளந்து, அதற்கேற்ப அட்ரினல் சுரப்பிக்கு ஆணையிடுகின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் ஆணை நின்றுபோகிறது. ஆணையற்ற சுரப்பி சுருங்குகிறது. மருந்து திடீரென நின்றாலோ, விபத்து, அறுவை, கடுங்காய்ச்சல் போன்ற நெருக்கடி நேர்ந்தாலோ உடலுக்குத் தேவையான கார்ட்டிசோலைச் சுரக்க அதனால் இயலாது. 1952இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான ஓர் அறிக்கை இதை உலகறியச் செய்தது. மூட்டு நோய்க்காகக் கார்ட்டிசோன் பெற்றுவந்த ஒருவர் அறுவைக்குப் பின் மீளா அதிர்ச்சி நிலையில் இறந்தார். அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. அறுவைக்கு முன் ‘ஸ்டீராய்டு எடுத்ததுண்டா?’ என்று வினவும் வழக்கம் இத்தகைய மரணங்களின் வழியே உருவானது. ‘ஊசி போட்டேன்’ என்னும் விடை அவ்வினாவுக்குப் போதாது.

1951இல் ஜோசப் ஹாலண்டர் ஹைட்ரோகார்ட்டிசோனை நேரடியாக மூட்டினுள் செலுத்தும் முறையை வெளியிட்டார். உடல் முழுவதற்கும் மருந்தூட்டாமல் நோயுற்ற இடத்துக்கு மட்டும் தருவது பெரும் முன்னேற்றம். பின்னர் டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் ஆகியவை வந்தன. இங்குப் பெயரின் ஈறும் பொருள் தருகிறது. மெத்தில்பிரெட்னிசோலோன் சோடியம் சக்சினேட் நீரில் கரையும். அதை நரம்புவழி செலுத்தலாம். மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் பால்போன்ற கலங்கல். மூட்டிலோ தசையிலோ தங்கி வாரக்கணக்கில் மெல்லக் கசியும் அதனை நரம்பில் செலுத்துவது ஆபத்து. ஒரே முதற்சொல், இருவேறு மருந்துகள்.

மூட்டு ஊசி முறையாகப் போடப்பட்டால் பெரும்பாலோருக்குப் பயன் தருவதே. அதற்கும் வரம்புகள் உண்டு. ஒரே மூட்டில் பொதுவாக மூன்று மாத இடைவெளியாவது விடப்படுகிறது. மூட்டிலோ தோலிலோ கிருமித்தொற்று இருந்தால் போடலாகாது. தசைநாணுக்குள் மருந்து புகுந்தால் நாண் அறுந்துபோகக்கூடும். ஊசி இறங்கிய இடத்தில் தோல் வெளுத்துக் குழிவிழலாம். நீரிழிவு உள்ளவர்க்குச் சில நாட்கள் சர்க்கரை உயர்வதால் அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடலில் உறங்கும் காசநோய் விழித்தெழக்கூடும். ஊசிக்குப் பின் மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டால் காத்திருத்தல் கூடாது. அடுத்தடுத்து ஊசி பெறுவோருக்குத் தொடையெலும்பின் தலை இரத்த ஓட்டமின்றிச் சிதைவதும், கண்புரை தோன்றுவதும் உண்டு.

மருந்தின் இயல்பு ஒருபுறமிருக்க, அது உருவாகும் இடமும் ஆபத்துக்குக் காரணமாகலாம். 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருந்துக் கலவைக் கூடம் தயாரித்த மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் குப்பிகளில் பூஞ்சை கலந்திருந்தது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அம்மருந்தைப் பெற்றவர்களுள் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர். 64 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரைத் தேடிக் கண்டறிய முடிந்ததற்கு, எந்த மருத்துவமனைக்கு எந்தத் தொகுதிக் குப்பிகள் சென்றன, யாருக்குச் செலுத்தப்பட்டன என்னும் பதிவுகள் இருந்ததே காரணம்.

இந்தியாவின் பாடம் இதனினும் அண்மையது. 2020 ஜூனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘ரெக்கவரி’ ஆய்வு தன் முடிவை அறிவித்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகம் போனால் 10 நாட்கள் தந்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆக்சிஜன் தேவைப்படாதவர்க்குப் பயனில்லை. அளவு, காலம், தகுதி என மூன்று நிபந்தனைகள் அம்முடிவிலேயே அடங்கியிருந்தன. 2021இன் இரண்டாம் அலையில் அவை பல இடங்களில் கைவிடப்பட்டன. கட்டுக்கடங்காத சர்க்கரையும் மிகையான ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடெங்கும் 45,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 4,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் பிழைத்தவர்களுள் கண்ணையும் தாடையையும் இழந்தோர் பலர். பல்லாயிரவரைக் காத்த அதே மருந்து, நிபந்தனைகளை இழந்தபோது இவ்வழிவுக்குத் துணைபோனது.

அந்த அலைக்குப் பின் ‘ஸ்டீராய்டு’ என்னும் சொல் தமிழ்ப் பேச்சில் அச்சச்சொல்லாகவும் மாறிற்று. அச்சமும் அறியாமையைப்போலவே தீங்கு தரும். ஊசியின் பெயர் அறியாதவர் அளவின்றி அதை ஏற்கிறார். பெயரைக் கேட்டு அஞ்சியவர் கடும் ஆஸ்துமாவில் தேவையான மருந்தை மறுக்கிறார். அல்லது நெடுநாள் எடுத்துவந்ததை ஒரே நாளில் நிறுத்தி, சுருங்கிய சுரப்பியிடம் தம் உயிரை ஒப்படைக்கிறார்.

இங்கிலாந்தில் 2020 முதல் நெடுநாள் ஸ்டீராய்டு பெறுவோர்க்கு ஓர் அவசர அட்டை வழங்கப்படுகிறது. நோயாளி பேச இயலாத நிலையிலும் அவ்வட்டை பேசும். ஏலமலைக்கு அத்தகைய அட்டை வரும்வரை ஒரு துண்டுத்தாள் போதும். மருந்தின் முழுப்பெயர், ஈறு உட்பட, அளவு, போட்ட இடம், நாள். இந்நான்கையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுப்பதும், கேட்டு வாங்கிக்கொள்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்கு வரும் தொழிலாளி ஒரு மாதம் சக்குபள்ளத்திலும் மறுமாதம் தம் ஊரிலும் ஊசி பெறக்கூடும். அவ்விரு மருத்துவர்களும் ஒருவரையொருவர் அறியார். அவர்களிடையே செய்தி கொண்டு செல்லும் ஒரே ஆவணம் அவருடைய சட்டைப்பையில் இருக்கும் அந்தத் தாள்தான்.