பட்டமும் படைப்பதவியும்: கரைவாகுப் பற்றிலிருந்து ஒரு நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களிலே 'பட்டதாரி' என்ற சொல் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவரின் உருவத்தையே மனக்கண்முன் நிறுத்தும். அட்டாளைச்சேனையில் 1941இல் ஆசிரிய கலாசாலை எழுந்த காலந்தொட்டு இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் கல்வி முயற்சி பெரிதும் அவ்வழியே சென்றது. வசதியும் ஊக்கமும் உள்ளோர் சட்டத்தரணிகளாயினர். சிலர் நிருவாக சேவையை அடைந்தனர். பட்டம் பெற்ற ஒருவர் தரைப்படையில் அதிகாரியாவது என்பது, பெற்றார் மறுத்துரைத்த ஆசையாகக்கூட இங்கு இருந்ததில்லை. அப்படியொரு வழி உண்டென்று எவரும் எண்ணியதாகவே தெரியவில்லை. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகத்திலும் வேளாண்மையிலும் நாட்டங்கொண்ட சமூகம் படைத்தொழிலை விரும்பாது என்று எளிதிற் கூறி முடிப்போர் உளர். வரலாறு அவ்விளக்கத்துக்கு இடந்தரவில்லை. பிரித்தானியர் காலத்து 'சிலோன் றைபிள்' படையணியில் மலாய முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சேவைபுரிந்தனர்; அப்படையணி 1873இற் கலைக்கப்பட்டது. 1996 யூலையில் முல்லைத்தீவுச் சமரில் உயிரிழந்து, நாட்டின் அதியுயர் வீரப்பதக்கமான பரம வீர விபூஷணயவைப் பெற்ற பஸ்லி லாபீரும் ஒரு முஸ்லிம் அதிகாரியே. எனவே விடையைச் சமூகத்தின் இயல்பிலே தேடுவதிற் பயனில்லை. பட்டத்துக்கும் படைப்பதவிக்கும் இடையே அமைந்த வாயிலையே நோக்க வேண்டும். அவ்வாயில் ஒரே இடத்தில் நிலைத்து நின்றதன்று.

பட்டத்தோடு படைக்கு வந்தோருள் முதற்கண் கருதத்தக்கவர் ஒரு தமிழர். 1908இற் பிறந்த அன்ரன் முத்துக்குமாரு, கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, பின் ஒக்ஸ்போட் சென்று பட்டம் பெற்றவர், சட்டமும் கற்றவர். 1934இல் இலேசாயுதக் காலாட்படையின் தொண்டர் பிரிவில் அதிகாரியானார். இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்திலே அமைந்திருந்த காலத்தில், அதனைக் காக்கும் பொறுப்பும் அவர்பாற் சேர்ந்தது. சுதந்திர இலங்கையின் தரைப்படை 1949 ஒக்டோபர் 10ஆந் திகதி உருவானபொழுது முதற் காலாட்பட்டாளத்தின் கட்டளை அதிகாரியானார். ஆங்கிலேயத் தளபதிகள் இருவருக்குப் பின், 1955 பெப்ரவரியில் தரைப்படைத் தளபதிப் பதவியை ஏற்ற முதல் இலங்கையரும் அவரே. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956இலும், இனக்கலவரமும் அவசரகாலநிலையும் நாட்டை உலுக்கிய 1958இலும் படையின் தலைமையில் ஒரு தமிழரே இருந்தார் என்பது இன்றைய மாணவர் பலர் அறியாத செய்தி.

முத்துக்குமாருவின் உயர்வை அவருடைய தனித்திறமைக்கு மட்டும் உரியதாக்குதல் பொருந்தாது. அக்காலத் தொண்டர் படையில் அதிகாரியாவதற்குப் பட்டம் ஒரு விதியாக இருந்ததில்லை. ஆனாற் பட்டத்தைத் தந்த அதே வாழ்வுதான் பதவியையும் தந்தது. கொழும்பின் உயர்ந்த பாடசாலை, பிழையற்ற ஆங்கிலம், விளையாட்டுக் கழகம், தொழில்தரும் வருவாய் ஆகிய யாவும் ஒருவரிடஞ் சேர்ந்திருந்தால், வாரவிறுதியில் அணியும் இராணுவச் சீருடை அவற்றுக்கு ஓர் அணிகலனாயிற்று. கேணல் எவ்.சி. டி சேரமை இதற்கு இன்னுஞ் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம். அவரும் ஒக்ஸ்போட் பட்டதாரி, சட்டத்தரணி, தொண்டர் படை அதிகாரி. முத்துக்குமாரு படையிற் சேர்ந்த அதே 1934இல், டி சேரம் ஒக்ஸ்போட் அணிக்காக அவுஸ்திரேலியரை எதிர்த்தாடி 128 ஓட்டங்கள் குவித்தார். 1962 சனவரியில் அரசைக் கவிழ்க்க முயன்ற சதியின் தலைவராகக் குற்றக்கூண்டில் நின்றவரும் இவரே. விசாரணைக்குட்பட்ட இருபத்துநால்வருட் பதினொருவர் 1965இற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்; அவ்வாண்டு இறுதியிலே பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஒரே பல்கலைக்கழகமும் ஒரே தொழிலும் ஒருவரை அரசின் தளபதியாகவும் மற்றவரைச் சதியாளராகவும் ஆக்கின. உயர்கல்வி படையதிகாரியை நெறிப்படுத்தும் என்று வாதிடுவோர் இவ்விருவரையும் ஒருங்கே நினைந்து பார்த்தல் நன்று.

சதியில் ஈடுபட்டோருட் பெரும்பாலானோர் ஆங்கிலங்கற்ற கிறிஸ்தவர்கள். அதன்பின் அதிகாரிகளைத் தெரிவதிற் சிங்கள பௌத்தருக்கு முதன்மை தரும் போக்கு வலுப்பெற்றது. இளம் அதிகாரிகளிற் பலர் பாடசாலையிலிருந்து நேரே பிரித்தானியாவின் சாண்ட்ஹேர்ஸ்ட் கல்லூரிக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு வந்தனர். 1968இல் தியத்தலாவையிலேயே அதிகாரிப் பயிற்சி தொடங்கியது. இம்முறையிற் பட்டத்துக்கு இடமில்லை. சாண்ட்ஹேர்ஸ்டிற் பயின்று 1977இல் தளபதியான டெனிஸ் பெரேராவின் காலத்திலேதான் பட்டம் மீண்டும் பேசுபொருளாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. முன்னாட் பிரதமர் சேர் யோன் கொத்தலாவலை வழங்கிய இரத்மலானைக் கந்தவளை வளவிலே, 1981ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டப்படி பாதுகாப்புக் கல்விக்கழகம் அமைந்தது. 1988இற் பட்டம் வழங்கும் உரிமையை அது பெற்றது. 2007 முதற் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் என வழங்கப்படுகிறது. ஒக்ஸ்போட் கனவான் பட்டத்தைச் சுமந்துகொண்டு படைக்கு வந்தார். இங்கோ உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, படையினராற் தெரிவாகும் இளைஞருக்குப் படையே பட்டத்தைக் கொடுக்கிறது. கற்பித்தல் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது.

இனிக் கரையோரத்துக்குத் திரும்புவோம். 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1960இற் கலைப்பீடங்களுட் புகுந்த தாய்மொழிப் போதனையும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தன. விவசாயியின் மகனும் மருதமுனை நெசவாளியின் மகனும் தமிழிலே வரலாறும் பொருளியலுங் கற்றுப் பட்டதாரிகளாயினர். ஆனாற் காலக்கணக்கை நோக்குக. ஆங்கிலப் பட்டம் பதவிக்கு வழிகோலிய நாட்களில் இவர்களிடம் பட்டமே இல்லை. பட்டம் இவர்கள் கைக்கு வந்தபொழுது படையின் நடைமுறை மொழி சிங்களமாகியிருந்தது. படையே பட்டம் வழங்கத் தொடங்கிய காலத்தில் அதற்கு ஆங்கிலம் வேண்டியதாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதெனினும், அணிவகுப்புத் திடலின் ஆணைச்சொற்கள் அதனால் மாறிவிடவில்லை.

அதே ஆண்டுகளிலே துப்பாக்கி மட்டும் எமது ஊர்களுக்கு வேறொரு வழியால் வந்துசேர்ந்தது. 1985இன் பின் ஊர்காவற்படை அமைக்கப்பட்டது. 1990 யூன் 11ஆந் திகதி கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிசார் பெருந்தொகையாகப் புலிகளாற் கொல்லப்பட்டனர்; ஓகஸ்ற் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் படுகொலைகள் நிகழ்ந்தன. அதன்பின் ஊர் எல்லையிற் காவல் நிற்க இளைஞர் பலர் முன்வந்தனர். அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சொட்கன் துப்பாக்கியும் சிறு கொடுப்பனவும் கிடைத்தன. கட்டளையிடும் நிலை அவர்களுக்கு உரியதாகவில்லை. அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களுக்கோ அவர்கள் அச்சந்தரும் ஆயுதபாணிகளாகவே தோன்றினர்; அவ்வச்சத்துக்குக் காரணங்களும் இருந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. இருபக்கத்தாரின் மொழியும் தமிழே. இருவரோடும் அவர்களின் மொழியிற் பேசி, தவறிழைத்த காவலனைத் தட்டிக்கேட்கக்கூடிய பயிற்சிபெற்ற அதிகாரி ஒருவர் இக்கரையிலே இருந்திருப்பின், சில இரவுகளேனும் வேறுவிதமாக விடிந்திருக்கும் என்பது என் துணிபு.

ஒலுவிலில் 1995இலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, வீட்டு வாயிலிலேயே பட்டம் பெறும் வாய்ப்பு வந்தது. ஊர்காவற்படை 2006இற் சிவில் பாதுகாப்புப் படையாக மறுசீரமைக்கப்பட்டது. மருத்துவர், பொறியியலாளர் போன்றோரைப் பட்டத்தோடு நேரடியாக அதிகாரிகளாகச் சேர்க்கும் வழியும் படையில் உண்டு. எமது ஊர்களின் கலைப் பட்டதாரிகளோ இன்னும் ஆசிரிய நியமனத்துக்கான வர்த்தமானி அறிவித்தலையே எதிர்பார்த்திருக்கின்றனர்.