தலைகீழிச் சார்பின் தொகையீடு

எக்ஸின் அடுக்குடன் 1 கூட்டி, அந்தப் புதிய அடுக்கால் வகுத்தால் தொகையீடு கிடைத்துவிடும். அடுக்கு −1 ஆனால் விதி முறியும். 0-ஆல் வகுக்க நேரும். அந்த இடத்தை நிரப்புவது இயல் மடக்கை. 1/எக்ஸின் தொகையீடு, எக்ஸின் மட்டு மதிப்புக்குரிய மடக்கையுடன் ஒரு மாறிலியைக் கூட்டியது. மட்டுக்குறி அலங்காரம் அல்ல: மெய்யெண்களில் குறை எண்ணுக்கு மடக்கை இல்லை, 1/எக்ஸுக்கோ அங்கும் மதிப்புண்டு. கறாராகச் சொன்னால், பூச்சியத்தின் இருபுறமும் மாறிலி வேறுவேறாகவும் இருக்கலாம்.

நியூட்டன் சிறுவனாக இருந்த 1647-இல், யேசு சபைத் துறவி கிரெகுவார் த சேன் வேன்சான் 1/எக்ஸின் வரைபடமான அதிபரவளையத்தின் கீழுள்ள பரப்பைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 1 முதல் 2 வரையுள்ள பரப்பும் 2 முதல் 4 வரையுள்ள பரப்பும் சமம் என்பது அதன் விளைவு. இது மடக்கையின் இயல்பே என்று 1649-இல் சுட்டியவர் அவருடைய மாணவர் சரசா.