கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம்: அறிய வேண்டியவை

உத்தரகண்டில் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ள கேதார்நாத் கோயிலுக்கு குப்தகாசி, பாட்டா, சிர்சி ஆகிய இடங்களிலிருந்து ஹெலிகாப்டர்கள் இயக்கப்படுகின்றன. கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கி.மீ. மலையேறுவதற்கு மாற்றாக, சில நிமிடங்களில் கோயில் பகுதியை அடையலாம்.

வழித்தடம்: மந்தாகினி பள்ளத்தாக்கு வழியாக, கஸ்தூரி மான்கள் வாழும் கேதார்நாத் வன உயிரின சரணாலயத்தின் மீது ஹெலிகாப்டர்கள் செல்கின்றன. விலங்குகள் மிரளாதிருக்க, 600 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் பறக்க வேண்டும்.

பாதுகாப்பு: உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் தூக்குவிசையும் குறைகிறது, எனவே பயணிகளின் எடை கணக்கிடப்படுகிறது. குறுகிய பள்ளத்தாக்கை மேகம் சூழ்ந்தால் திரும்புவது கடினம். 2025 ஜூன் 15-இல் கௌரிகுண்ட் அருகே நேரிட்ட விபத்தில் விமானி உள்பட 7 பேர் உயிரிழந்தனர்.

முன்பதிவு: ஐஆர்சிடிசி-யின் ஹெலியாத்ரா இணையதளத்தில் செய்யலாம். மோசமான வானிலையில் சேவை ரத்தாகும் என்பதால், பயணத் திட்டத்தில் கூடுதலாக ஒரு நாள் ஒதுக்குவது அவசியம்.