கொழுப்பு உறிஞ்சலுக்குப் பின் மேடுபள்ளம்: திருத்த முறைகளின் வரலாறு

லிப்போசக்சன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சல், தோலுக்கடியில் சேர்ந்த கொழுப்பைக் குழல் வழியே அகற்றும் அழகியல் அறுவை சிகிச்சை ஆகும். இதன்பின் சிலருக்குத் தோலில் மேடுபள்ளம் தோன்றுவதுண்டு.

தொடக்கம்

1920களில் பிரான்சில் சார்லஸ் துஜாரியே என்னும் மருத்துவர், நடனப் பெண் ஒருவரின் காலில் இருந்த கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். இரத்தக்குழாய் சேதமடைந்து கால் அழுகியதால் அதைத் துண்டிக்க நேர்ந்தது.

குழல்களின் வளர்ச்சி

1970களில் ரோம் நகரில் ஆர்பாத் ஃபிஷரும் அவர் மகன் ஜார்ஜியோவும் உறிஞ்சும் கருவியை உருவாக்கினர். பின்னர் பாரிசில் இவ்-ஜெரார் இல்லூஸ் மழுங்கிய முனைக் குழலைப் பயன்படுத்தினார். இதனால் இரத்தக்குழாய்களுக்கு ஆபத்து குறைந்தது. ஆனால் அன்றைய தடித்த குழல்கள் தோலில் பள்ளங்களை விட்டுச் சென்றன. 1987இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், நீர்த்த மரப்பு மருந்தைப் பெருமளவில் செலுத்தும் முறையை வெளியிட்டார். இரத்த இழப்பு குறைந்தது. மெல்லிய குழல்களும் வழக்கத்துக்கு வந்தன.

திருத்தம்

1893இலேயே ஜெர்மனியின் குஸ்தாவ் நோய்பர், கையில் எடுத்த கொழுப்பால் முகத்துப் பள்ளத்தை நிரப்பினார். 1990களில் நியூயார்க்கின் சிட்னி கோல்மன், கொழுப்பைச் சிறுசிறு துளிகளாக வைக்கும் முறையைப் பரப்பினார். இன்று, வீக்கம் வடிய ஏறத்தாழ ஆறு மாதம் காத்திருந்த பிறகே திருத்தம் செய்யப்படுகிறது. மேடு மீண்டும் உறிஞ்சப்படும். பள்ளம் நோயாளியின் சொந்தக் கொழுப்பால் நிரப்பப்படும். நிரப்பிய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடுவதால், சிலருக்கு இதை மறுமுறையும் செய்ய நேரிடும். எஞ்சிய மேட்டை அகற்றுவதைவிட, உண்டான பள்ளத்தை நிரப்புவதே கடினம். ஆகவே தோலை ஒட்டிய மெல்லிய கொழுப்பு அடுக்கைத் தொடாமல் விடுவது மருத்துவர்களின் பொது வழக்கமாகியது.