புதிதாகப் பொருத்திய கணினியின் திரை இருண்டிருப்பது ஏன்?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் உதிரிப்பாகங்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கணினியைப் பொருத்திக்கொள்ளும் ஆர்வம் இளைஞர்கள் மத்தியில் நீண்ட காலமாகவே உள்ளது. எனினும் 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி பெரும் வீழ்ச்சியடைந்த பின்னர் இப்பாகங்களின் விலை சாதாரண குடும்பமொன்றுக்குப் பெரும் சுமையாகியுள்ளது. எனவே கணினியை இயக்கியதும் திரையில் எதுவும் தோன்றாதவிடத்து, காரணத்தை அறியாமல் புதிய மதர்போர்ட் ஒன்றை வாங்குவது வீண் செலவாகும். உண்மையில் இத்தகைய கணினிகள் பலவற்றில் எந்தப் பாகமும் பழுதடைந்திருப்பதில்லை.

1981 இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியிலிருந்து இன்று வரை, மின்சாரம் கிடைத்ததும் கணினி முதலில் தன்னைத்தானே பரிசோதித்துக் கொள்கிறது. புரொசசர், ரெம் எனப்படும் நினைவகம், கிராபிக்ஸ் ஆகிய மூன்றும் சரிவரப் பதிலளித்தால் மட்டுமே திரையில் எழுத்துகள் தோன்றும். ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டாலும், விண்டோஸ் நிறுவப்படாவிட்டாலும் ஓர் அறிவித்தலாவது வரவேண்டும். ஆகவே திரை முற்றாக இருண்டிருக்கும்போது டிஸ்க்கையோ விண்டோஸையோ குறைகூறுவதில் பயனில்லை.

பரிசோதனையைத் தொடங்குமுன் பாதுகாப்பைக் கவனித்தல் அவசியம். எந்தப் பாகத்தைத் தொடுவதாயினும் மின்செருகியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். உடலிலுள்ள நிலைமின்னை நீக்க, கேசிங்கின் வர்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொடுவது நன்று. பவர் சப்ளை பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. பழைய பவர் சப்ளை சிலவற்றில் 115, 230 எனக் குறிக்கப்பட்ட சிறு சுவிட்ச் உண்டு. நமது நாட்டு மின்சாரத்திற்கு அது 230 இல் இருத்தல் வேண்டும்.

அடுத்து, கணினி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அவதானிக்க வேண்டும்.

முதலாவது, மின்விசிறிகூடச் சுழலாத நிலை. பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச், மதர்போர்ட்டுக்குச் செல்லும் 24 பின் இணைப்பு, முன்பக்கப் பவர் பட்டனின் சிறிய வயர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வயர்கள் ஒரு பின் தள்ளிச் செருகப்பட்டிருந்தாலும் பட்டன் வேலை செய்யாது.

இரண்டாவது, ஓரிரு விநாடிகள் இயங்கி நின்றுவிடும் நிலை. மதர்போர்ட்டின் துளை இல்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தால் அது அடிப்பாகத்தைத் தொட்டு மின்குறுக்கை ஏற்படுத்தலாம். விழுந்த திருகாணியும் இதனையே செய்யும்.

மூன்றாவது, மின்விசிறிகள் சுழன்றும் திரை இருண்டிருக்கும் நிலை. பலரும் சந்திப்பது இதனையே. இங்கு பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றலாம்.

1. மொனிட்டரில் சரியான உள்ளீடு தெரிவுசெய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும். தனியான கிராபிக்ஸ் கார்ட் இருப்பின் கேபிளை மதர்போர்ட்டில் அன்றி அந்தக் கார்டிலேயே இணைக்க வேண்டும். பெயரின் இறுதியில் எஃப் எழுத்துக் கொண்ட இன்டெல் புரொசசர்களிலும், ஜி எழுத்தில்லாத ரைசன் 5000 வரிசை டெஸ்க்டொப் புரொசசர்களிலும் உள்ளக கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் இன்றி இவற்றால் படம் காட்ட இயலாது.

2. புரொசசருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 பின் மின் இணைப்பைப் பார்க்கவும். புதியவர்கள் பெரும்பாலும் மறப்பது இதுவே. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின் இணைப்புத் தேவையெனில் அதனையும் வழங்கவும்.

3. ரெம்மைக் கழற்றி, 'கிளிக்' ஒலி கேட்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்தவும். ஒரே ஒரு ரெம்மை மட்டும், கைநூல் குறிப்பிடும் ஸ்லொட்டில் இட்டுப் பார்க்கவும். நான்கு ஸ்லொட் கொண்ட போர்டுகளில் அது வழமையாகப் புரொசசரிலிருந்து இரண்டாவதாகும். டிடிஆர்5 ரெம் முதற்தடவை சில நிமிடங்களை எடுத்துக்கொள்ளக்கூடும். அவசரப்பட்டு அணைத்துவிட வேண்டாம்.

4. மதர்போர்ட்டில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என எழுதப்பட்ட சிறு விளக்குகள் இருப்பின், தொடர்ந்து எரியும் விளக்கே சந்தேகத்திற்குரிய பகுதியைக் காட்டும்.

5. மின்செருகியைக் கழற்றிய பின், காசு வடிவிலான 3 வோல்ட் பற்றரியைச் சில நிமிடங்கள் அகற்றி வைத்து பயோஸ் அமைப்புகளை அழிக்கவும்.

6. புரொசசரை மதர்போர்ட்டின் பயோஸ் அறிந்திருக்கிறதா எனப் பார்க்கவும். உதாரணமாக, 2018 இல் வெளிவந்த பி450 மதர்போர்ட்டில் 2020 இறுதியில் வந்த ரைசன் 5000 வரிசையை இயக்க, பயோஸைப் புதுப்பித்தாக வேண்டும். தயாரிப்பாளரின் இணையத்தளத்திலுள்ள பட்டியல் இதனைத் தெளிவுபடுத்தும்.

இவற்றாலும் பயனில்லையெனில், மதர்போர்ட்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின் மீது வைத்து, புரொசசர், கூலர், ஒரு ரெம், பவர் சப்ளை ஆகியவற்றுடனும், தேவையெனில் கிராபிக்ஸ் கார்டுடனும் மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். இப்போது திரை ஒளிர்ந்தால் தவறு கேசிங்கிலோ அகற்றிய பாகங்களிலோ உள்ளது. ஒளிராவிடில், நன்கு இயங்குவதாக அறியப்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்க வேண்டும். ஒரே தடவையில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது ஒருபோதும் தெரியவராது.

இறுதியாக, பின்கள் வளைந்த, எரிந்த அடையாளமுள்ள பாகங்களுக்குப் பொதுவாக உத்தரவாதம் வழங்கப்படுவதில்லை. ஆதலால் பலவந்தமாக எதனையும் அழுத்தாமல், பற்றுச்சீட்டையும் பெட்டிகளையும் பத்திரப்படுத்தி, செய்து பார்த்த சோதனைகளை எழுதிவைத்துக் கடைக்குச் செல்வதே உசிதமானது. பொறுமையுடன் செலவிடும் ஒரு மணித்தியாலம், ஒரு மாதச் சம்பளத்தையே மீதப்படுத்தக்கூடும்.