கடாரம் கொண்டவனும் கப்பல் ஏறினவனும்

மலர்க் குழுவினர் போன் மேல் போன் போட்டு, "சிங்கப்பூரில் இருக்கிறாய், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதேன்" என்றார்கள். என் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது? காலையில் கப்பல் பட்டறை, மாலையில் அறை, ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட். எனக்கு முன்னால் போனவர்களின் கதைதான் கதை. அதைச் சொல்கிறேன்.

நான் விக்கிரமங்கலத்துக்காரன். கடலைக் கண்ணால் பார்க்காத ஊர். ஆனால் கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே நாங்கள் யாரும் ராஜேந்திர சோழனை விட்டுக்கொடுக்க மாட்டோம். 1025-ல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் அடித்தான் என்று ஆடித் திருவாதிரை வந்தால் மேடை அதிரும். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சரி, போனான், ஜெயித்தான், திரும்பி வந்துவிட்டான். அங்கே போய் உட்கார்ந்தவர்கள் யார்? அதை மேடையில் யாரும் பேசுவதில்லை.

உட்கார்ந்தவர்கள் வியாபாரிகள். சுமத்ரா தீவின் பாரூஸ் பக்கத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார் வெட்டியது. கப்பல்காரர்கள் கஸ்தூரி விலைக்குச் சமமாகப் பொன் செலுத்த வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். வேற்றூரில் சங்கம் வைத்து வசூல் பண்ணும் பழக்கம் நமக்கு அன்றே இருந்திருக்கிறது பாருங்கள்! சீனாவில் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ல் ஒரு தமிழர் சிவன் கோயிலே எழுப்பி, குப்லாய் கானின் உடல்நலம் வேண்டிக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார். கீழே ஒரு வரி சீன எழுத்து. போன ஊர் ராஜாவை நம் சாமியிடமே சேர்த்துவிட்டார். குடியேறுவதன் சூட்சுமம் அதுதான் போலும்.

சிங்கப்பூரில் முதலில் காலூன்றியவர்களில் நாராயண பிள்ளை என்பவரை எஞ்சினியர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1819-ல் பினாங்கிலிருந்து ராபிள்ஸோடு வந்தவர். காடாகக் கிடந்த ஊரில் வீடு கட்டச் செங்கல் வேண்டுமே என்று சூளை போட்டார். பிறகு துணிக்கடை வைத்தார், அது தீயில் போனது. கடனாளி ஆகியும் விடவில்லை. 1827-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் எழுந்ததற்கு அவர்தான் காரணம். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. சிங்கப்பூர் வரும் நம் கல்லூரி நண்பர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

இனி வருவது மேடையில் பேசாத பகுதி. மலாயாவில் ரப்பர் வந்த பிறகு ஆள் தேவைப்பட்டது. தோட்டத்திலிருந்து கங்காணி ஊருக்கு வருவான். நல்ல வேட்டி, கையில் மோதிரம். தன் சொந்தக்காரர்களையே பிடிப்பான். முன்பணம் கொடுப்பான், அது கடனாக ஏறும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் டிப்போக்களில் ஆட்களைச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். போய் இறங்கினால் லயத்து வீடு, விடியுமுன் பெரட்டு, பால்மரம், சாயங்காலம் கள்ளுக்கடை. 1907-ல் குடியேற்ற நிதி என்று ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்துக் கப்பல் செலவைக் கட்டினார்கள். தொழிலாளியின் தலையில் விழுந்த செலவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேண்டும்போது கப்பல் செலவு கொடுத்து அழைத்தவர்கள், வேண்டாதபோது கப்பல் செலவு கொடுத்தே அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. பிறகு ஜப்பான்காரன் காலம். சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் செத்த தோட்டத் தமிழர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். 'மலாயாத் தாத்தா' என்போம். ராஜுலா கப்பலில் போய் ராஜுலாவிலேயே வந்தவர். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. "டெக்கிலே பாய் விரிச்சுப் படுத்தா, பக்கத்துல படுத்தவன் வாந்தி நம்ம தலையில" என்று சிரிப்பார். 1957-ல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது குடியுரிமை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். "ஊருக்குத்தானே திரும்பப் போறோம், எதுக்கு?" என்று பலர் விட்டுவிட்டார்கள். அவரும்தான். 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அமலானது. பல ஆயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள் தெரியாத ஊருக்கு வந்து இறங்கின. எழுதிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே வக்கீலாகவும் டாக்டராகவும் இருக்கிறார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் போடாததும்தான் வித்தியாசம்.

ராஜுலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்தது. பயணிகள் கப்பல் அத்தோடு சரி. இப்போது திருச்சியில் ஏறினால் நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூர்.

தம்பிகளே, தங்கைகளே, கங்காணி போய்விட்டான் என்று நினைக்காதீர்கள். இப்போது ஏஜெண்டு என்று பெயர். என்னோடு பட்டறையில் வேலை பார்க்கும் நம் ஜில்லாப் பையன் ஒருவன் நிலத்தை அடகு வைத்து வந்தான். இரண்டு வருஷச் சம்பளம் வட்டிக்கும் அசலுக்கும் போனது. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான், அதற்கு மேல் சட்டப்படி வாங்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம், பத்து நிமிஷ வேலை. பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சிங்கப்பூர் வந்து இறங்கினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தேக்காவில் நல்ல சாப்பாடு வாங்கித் தருகிறேன்.