சரிசெய்யத்தக்க வடிவம்

நிகழ்த்துகை மென்பொருளில் வரைந்த ஓர் உருவத்தின் விகிதத்தை மஞ்சள் பிடியால் இழுத்து மாற்ற முடிந்தால், அது சரிசெய்யத்தக்க வடிவம். சுற்றியுள்ள வெள்ளைப் பிடிகள் உருவத்தின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றும். மஞ்சள் பிடியோ அம்பின் தலையை மட்டும் அகலமாக்கும், பெட்டியின் மூலையை மட்டும் வளைக்கும். ஒபிஸ் 97 காலத்திலிருந்தே பவர்பொயின்றில் இந்தப் பிடி உண்டு. ஆனால் புதிதாக ஒரு பிடியை உருவாக்க அதன் பட்டியல்களில் இன்றுவரை வழியில்லை. புள்ளிகளைத் திருத்தினாலும் வடிவங்களை ஒன்றிணைத்தாலும், இருந்த பிடியும் போய்விடும்.

வழி கோப்புக்குள்ளே இருக்கிறது. பவர்பொயின்றின் பிபிடிஎக்ஸ் கோப்பு ஒரு ஸிப் பொதி; அதற்குள் ஒவ்வொரு படவில்லையும் எக்ஸ்எம்எல் உரையாக இருக்கும். 2006இல் எக்மா 376 என வெளியான தரத்தின்படி, ஒரு வடிவத்தை மாறி, சூத்திரம், பிடி, பாதை என்ற நான்கும் சேர்ந்து விவரிக்கின்றன.

பருத்தித்துறை வெளிச்சவீட்டை (1916இல் கட்டியது, 32 மீட்டர் உயரம்) எளிய கோட்டுருவாக வரைவதாகக் கொள்வோம். கோபுரத்துக்குச் சரிவகம் போதும். அதன் மாறியின் தொடக்க மதிப்பு 25000. இதை உருவத்தின் குறுகிய பக்கத்தால் பெருக்கி 100000ஆல் வகுத்தால், மேல்விளிம்பு ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு உள்ளே வரவேண்டும் என்பது கிடைக்கும். 2 சென்ரிமீற்றர் அகலக் கோபுரம் கோப்பில் 720000 அலகு. அப்படியானால் பக்கத்துக்கு 180000, அதாவது அரைச் சென்ரிமீற்றர். உச்சியில் மிஞ்சுவது 1 சென்ரிமீற்றர். மாறியை 50000 ஆக்கினால் உச்சி கூர்ந்து முக்கோணமாகிவிடும், எனவே சூத்திரம் அந்த எல்லையில் நிறுத்திவிடுகிறது.

சிக்கல் விளக்கறையில்தான். அதைத் தனிப் பெட்டியாக வைத்துச் சேர்த்துக் கட்டினால், கோபுரத்தின் பிடியை இழுக்கும்போது அது அசையாது. உச்சி ஒடுங்க, அறை இருபுறமும் துருத்தி நிற்கும். கோபுரத்தையும் அறையையும் ஒரே தனிப்பயன் வடிவத்தின் பாதையாக எழுதி, அறையின் ஓரங்களுக்கும் அதே சூத்திரப் பெயர்களைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே ஒடுங்கும். கையால் வரைந்த உருவத்திலிருந்து தொடங்குபவர், பாதைக்கென எழுதப்பட்டிருக்கும் தனி அகல உயரத்தை நீக்கவேண்டும். நீக்காவிட்டால் கணக்கு உருவத்தின் உண்மை அளவோடு ஒட்டாது. பலர் இடறுவது இங்கேதான்.

லிப்ரே ஒபிஸ் இம்பிரஸ் பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவமும் சமன்பாட்டையும் பிடியையும் ஏற்கும். எழுதும் முறைதான் வேறு. எதில் செய்தாலும் மூலக் கோப்பின் பிரதியில் செய்வதே நல்லது: எக்ஸ்எம்எல் உரையில் ஓர் ஒட்டு மூடப்படாமல் விடுபட்டாலும் பவர்பொயின்ற் கோப்பைப் பழுதுபார்க்கவா என்று கேட்கும்.